பூம்புகாருக்கு வயது ஏற்ற வேண்டாம்

பூம்புகாரைப் பற்றிப் பேசும் மேடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் ஒரு வாதம் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. உலகம் வயதைத்தான் மதிக்கிறது. 2,300 ஆண்டுப் பழைமை என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 11,500 என்றால் பார்ப்பார்கள். 15,000 என்றால் ஓடி வருவார்கள். ஆகவே அந்த எண் சரியா, தவறா என்று இப்போதே நோண்ட வேண்டாம். முதலில் செய்தி பரவட்டும், கூட்டம் வரட்டும், பணம் வரட்டும், ஆராய்ச்சி தானாகப் பின்னால் வரும். சந்தேகம் கிளப்புகிறவர் ஊருக்கு வர வேண்டிய நல்லதைத் தடுக்கிறவர்.

இது பேராசையில் பிறந்த வாதமல்ல. காவிரி கடலில் கலக்கும் இடத்தில், சோழரின் பெருந்துறைமுகம் இருந்த மண்ணில், இன்று போய் நிற்பவருக்கு எழும் ஆதங்கத்தில் பிறந்தது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பாடிய நகரம் இவ்வளவுதானா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் பதில்தான் தவறு. கடந்த கால் நூற்றாண்டில் அந்தப் பதில் பூம்புகாருக்கு நன்மையைவிடத் தீங்கையே அதிகம் செய்திருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவனத்தின் கடல்சார் தொல்லியல் குழு, எஸ்.ஆர். ராவ் வகுத்துக் கொடுத்த வழியில், பூம்புகார்க் கடலில் ஆய்வு நடத்திவந்தது. 1991-இல், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு தென்பட்டது. 1993-இல் மறுபடி இறங்கிப் பார்த்தார்கள். பிறகு பணம் இல்லை, வேலை நின்றது. 2001-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரகாம் ஹான்காக், தொலைக்காட்சி நிறுவனங்களின் செலவில், அதே நிறுவனத்து ஆய்வாளர்களோடு அங்கே முக்குளித்தார். டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கிளென் மில்ன் தந்த கடல்மட்டக் கணக்கின்படி, அந்த ஆழத்திலுள்ள நிலம் 11,000 ஆண்டுகளுக்கும் முன்பே நீருக்குள் போய்விட்டது. அப்படியானால் அதைக் கட்டியவர்கள் அதற்கும் முந்தியவர்கள் என்றார் ஹான்காக். 2002-இல் சேனல் 4 தொடரும் அவருடைய நூலும் வெளிவந்தன. மெசபொடோமியாவுக்கும் முந்திய நாகரிகம் தமிழ்நாட்டுக் கடலடியில் கிடக்கிறது என்ற செய்தி அன்று தொடங்கியது. இன்னும் ஓயவில்லை.

இதில் காலம் கணிக்கப்பட்டது கடலுக்குத்தான், கல்லுக்கு அல்ல. அந்த அமைப்பிலிருந்து எடுத்த மரத்தையோ கரியையோ ஆய்வகத்தில் சோதித்துப் பெற்ற எண் அல்ல இது. அது மனிதக் கையால் ஆனது என்பதே இன்னும் நிறுவப்பட வேண்டிய செய்தி. நிறுவினாலும் அடுத்த கேள்வி நிற்கிறது. நகரம் என்றால் அதைத் தாங்க வயல் வேண்டும், தானியம் வேண்டும், பானை வேண்டும், சுற்றிலும் சிற்றூர்கள் வேண்டும். தென்னிந்தியாவில் மாடு வளர்த்து, பயிர் செய்து, ஓரிடத்தில் தங்கிய புதிய கற்கால மக்களின் தடயங்கள் கி.மு. 3000-ஐ ஒட்டித்தான் தொடங்குகின்றன. அதற்கு ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைமுக நகரம் தனியாக எழுந்து, தனியாக மூழ்கியது என்று சொல்ல, நீருக்கடியில் தெரிந்த ஒரு வடிவம் போதாது.

'மணிமேகலையே கடல்கோளைச் சொல்கிறதே' என்பார்கள். சொல்கிறது. இந்திர விழாவை மறந்ததால் நகரைக் கடல் கொண்டது என்பது அந்தக் காப்பியம் தரும் காரணம். ஆனால் காப்பியத்தின் பூம்புகார் வணிகரும் பௌத்தத் துறவியரும் வாழ்ந்த வரலாற்றுக் காலத்து நகரம். அது பனியுகத்தின் முடிவில் மூழ்கிய நகரத்தைப் பற்றிய சாட்சி ஆகாது.

வரலாற்றுக் காலத்திலேயே கடல் உள்ளே வர முடியும் என்பதற்குச் சாட்சி தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் நிற்கிறது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் காலத்தில் கட்டப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த படங்களோடு இன்றைய கரையை ஒப்பிட்டால், இடையில் காணாமல் போன நிலம் கண்ணுக்குத் தெரியும். பூம்புகாரிலும் அலையடிக்கும் இடத்தில் உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டிருக்கின்றன. கிணறு தோண்டியவர்கள் கடலுக்குள் தோண்டவில்லை. கரை உள்வாங்கியிருக்கிறது. அலை அரித்தும், ஆறு தடம் மாறியும், வண்டல் குறைந்தும் இது நடக்கும். சங்க காலத்துப் பட்டினத்தின் ஒரு பகுதி நீருக்குள் போனதற்கு 11,500 ஆண்டுகள் பின்னால் போக வேண்டிய அவசியமே இல்லை.

2023-இல் எண் இன்னும் ஏறியது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கடலடி ஆழத் தரவுகளைக் கொண்டு, பூம்புகார் 15,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்ன செய்தி நாளிதழ்களில் வந்தது. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதனால் காவிரியின் பழைய கழிமுகம் கிழக்கே வெகு தூரத்தில் இருந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆறு அங்கே ஓடியதைக் கடலடித் தரவு காட்டலாம். அங்கே ஒரு துறைமுகம் இருந்ததைக் காட்ட முடியாது. உலகக் கடலடிப் படங்களில் ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர் அகலம். பள்ளமும் மேடும் அதில் தெரியும், செங்கல் தெரியாது. இறங்கிப் பார்த்து, எடுத்து, சோதிக்கும்வரை அது ஓர் ஊகம். ஊகம் சொல்வது ஆய்வாளரின் உரிமை. அதில் பிழை இல்லை. 'இருந்திருக்கலாம்' என்பதை 'இருந்தது' என்று தலைப்பில் மாற்றும் கை எதுவோ, பிழை அங்கே இருக்கிறது.

அடுத்து, விளம்பரம் இல்லாததால்தான் பூம்புகார் இப்படிக் கிடக்கிறது என்ற அடித்தளம். இதற்கு வரலாறு ஆதரவு தரவில்லை. 1964-இல் மு. கருணாநிதியின் வசனத்தில் 'பூம்புகார்' படம் வந்து தமிழகம் முழுக்க ஓடியது. 1973-இல் ஊரில் ஏழுநிலை மாடத்தோடு சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையங்கள் இந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. சென்னை அண்ணா சாலையில் போகிறவரும் டெல்லியில் பஞ்சலோகச் சிலை வாங்குகிறவரும் பூம்புகார் என்ற சொல்லை அறிவார்கள். தமிழகத்தில் எந்தத் தொல்லியல் களத்துக்கும் இவ்வளவு நீண்ட விளம்பரம் கிடைத்ததில்லை. அறுபது ஆண்டு விளம்பரத்துக்குப் பிறகும் ஆதங்கம் மிஞ்சுகிறது என்றால், குறை விளம்பரத்தில் இல்லை.

குறை எங்கே என்பதற்கு ஒரு நூலின் தேதி போதும். இந்தியத் தொல்லியல் துறை காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை அகழாய்வு செய்தது. கே.வி. சௌந்தரராஜன் எழுதிய முழு அறிக்கை அச்சில் வந்தது 1994-இல். களம் மூடப்பட்டு இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, ஆங்கிலத்தில், துறை சார்ந்தவர்கள் மட்டுமே தேடிப் படிக்கும் வரிசையில். இடைப்பட்ட காலத்தில் பக்கத்து மேலையூரில் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்ற ஒரு தலைமுறைக்குத் தன் காலடியில் என்ன கிடைத்தது என்று யாரும் முறையாகச் சொல்லவில்லை.

விளம்பரத்தை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் வலுவாக நிற்கிறார்கள். 'அடக்கி வாசித்தால் இதுதான் கதி' என்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கள் பணத்தில் தோண்டியதைக் கோப்புக்குள் வைத்துப் பூட்டுவது எச்சரிக்கை ஆகாது. அது மக்களுக்குச் செய்யும் அநீதி. ஹான்காக் வந்ததால்தான் நின்றுபோன முக்குளிப்பு மறுபடி நடந்தது என்பதும் உண்மை. அரசு கொடுக்காத பணத்தைத் தொலைக்காட்சி கொடுத்தது.

ஆனால் பணம் கொடுத்தவர் கேள்வியையும் கையோடு கொண்டுவந்தார். தொலைக்காட்சிக்கு வேண்டியது ஒரு தொடருக்கான காட்சி. கடலடியை ஒழுங்காக அளந்து, மாதிரி எடுத்து, ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தில் உட்காரும் வேலை அந்தச் செலவில் அடங்காது. படப்பிடிப்பு முடிந்தது, எண் மட்டும் ஊரில் தங்கியது. புகழ் முதலில், ஆராய்ச்சி பின்னால் என்ற கணக்கின் முடிவு டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஜூன் 12-இல் மேட்டூர் மதகு திறக்கப்பட்டு, பூத்தூவும் படம் மறுநாள் எல்லா நாளிதழிலும் வரும். சீர்காழிப் பக்கத்துக் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்ததா, குறுவை நாற்று காய்ந்ததா என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. பூம்புகார் ஆராய்ச்சியும் அந்தக் கடைமடையில்தான் இருக்கிறது.

வயதைத் துரத்தும் விளம்பரம் இன்னொன்றையும் செய்கிறது. எது பேசத் தகுந்தது, எது தகாதது என்று அதுவே தரம் பிரித்துவிடுகிறது. பூம்புகார்க் கடலில் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் சிதைவு கிடைத்தது. அதிலிருந்து ஈயக் கட்டிகளை எடுத்தார்கள். அவற்றில் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்துச் சுரங்கத்து ஈயம், ஐரோப்பியக் கும்பெனிகள் இந்தக் கரையில் போட்டியிட்ட காலத்தில், காவிரி வாயிலில் மூழ்கியிருக்கிறது. தேதி கட்டியிலேயே இருக்கிறது, ஊகம் வேண்டாம். எத்தனை அருமையான கதை! இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? இருநூறு ஆண்டு என்பது தலைப்புக்குக் காணாது.

கீழையூருக்கு நேர்ந்ததும் அதுவே. அங்கே அகழாய்வில் வெளிப்பட்டது செங்கல்லால் கட்டிய படகுத்துறை. படகு கட்ட நட்ட மரக்கம்பங்கள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன. அந்த மரத்தைக் கதிரியக்கக் கரிமச் சோதனைக்கு அனுப்பினார்கள், கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. சங்கப் பாடல் சொல்லும் துறைமுகத்துக்கு, கவிஞரின் வார்த்தையைத் தாண்டி, கையால் தொடக்கூடிய சான்று! கப்பல் வெளியே நிற்க, சிறு படகுகள் ஆற்று வழியே சரக்கைக் கொண்டுவந்து இறக்கும் முறை கண்முன் விரிகிறது. வானகிரியில் செங்கல்லால் கட்டிய நீர்த்தேக்கம். பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரம், புத்தர் பாதம் பொறித்த கல். சோழரின் சதுரச் செப்புக் காசுகள், அயல்நாட்டுத் தொடர்பைக் காட்டும் மட்கலங்கள். கிரேக்க நிலவியலாளர் தாலமி இந்தத் துறையைத் தன் பட்டியலில் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். இலக்கியமும் அயலார் குறிப்பும் மண்ணும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் துறைமுகங்கள் இந்தியாவில் மிகச் சில. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, கிடைக்காத ஒன்றை முன்னால் நிறுத்துவது, கிடைத்ததைத் தாழ்த்துவது ஆகும். 15,000 என்று கேட்டு வந்த பயணிக்குக் கீழையூர்த் துறையின் 2,300 ஏமாற்றமாகத்தான் தெரியும்.

'மற்றவர்கள் செய்யவில்லையா?' என்று ஒரு கேள்வி வரும். செய்தார்கள். 2001-இல் குஜராத்தின் காம்பத் வளைகுடாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒலியலைப் படங்களில் நகரம் போன்ற வடிவங்களைக் கண்டது. 2002 ஜனவரியில் ஒன்றிய அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி 9,500 ஆண்டுப் பழைமையை அறிவித்தார். அந்தத் தேதி கடலடியிலிருந்து வாரி எடுத்த ஒரு மரத்துண்டுக்கு உரியது. பேரலையும் பெருநீரோட்டமும் புரட்டும் வளைகுடாவில் ஒரு மரத்துண்டு எங்கிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? தொல்லியலாளர்கள் அன்றே இதைக் கேட்டார்கள். இன்று காம்பத் நகரம் எந்தப் பொறுப்பான வரலாற்று நூலிலும் இடம்பெறுவதில்லை. அது முன்மாதிரி அல்ல, எச்சரிக்கை.

ஜப்பானின் அனுபவம் இன்னும் கடுமையானது. ஷினிச்சி புஜிமுரா என்ற தொல்லியல் ஆர்வலர் தொட்ட இடமெல்லாம் பழைமை ஏறியது. மியாகி மாநிலத்தின் காமிதகாமோரியில் அது 6 லட்சம் ஆண்டைத் தாண்டியது. ஊர் பெருமைப்பட்டது, பாடநூல்கள் ஏற்றுக்கொண்டன. 2000 நவம்பரில் மைனிச்சி நாளிதழ் படங்களை வெளியிட்டது: விடியற்காலையில் அவரே கல்லாயுதங்களைக் குழிக்குள் புதைத்துக்கொண்டிருந்தார். பாடநூல்களைத் திருத்த வேண்டிவந்தது. அவர் கைபட்ட களங்கள் எல்லாம் மதிப்பிழந்தன. பூம்புகாரில் யாரும் எதையும் புதைக்கவில்லை. அப்படி ஒரு ஐயத்துக்கும் இங்கே இடமில்லை. ஆனால் 'இன்னும் பழையது வேண்டும்' என்று ஊரும் ஊடகமும் சேர்ந்து நெருக்கும்போது ஒரு களத்துக்கு என்ன ஆகும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டிவிட்டது.

கீழடியை எடுத்துக்காட்டி, 'பாருங்கள், விளம்பரம்தான் ஜெயித்தது' என்பவர்கள் கீழடியைச் சரியாகப் படிக்கவில்லை. 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்த கி.மு. 580 என்ற தேதி, அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்த கரித்துண்டிலிருந்து வந்தது; எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு வந்தது. கீழடியில் அகழாய்வு நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023-இல் அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025-இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டபோது, மண்ணடுக்கையும் கரிமத் தேதிகளையும் முன்வைத்து அவர் மறுத்தார். அவரால் மறுக்க முடிந்தது, சான்று கையில் இருந்ததால். பூம்புகாரின் பெயரில் 15,000 என்று முழங்கிவிட்டு, மறுநாள் கீழடிக்காக 'எங்கள் தேதி அறிவியல்பூர்வமானது' என்று டெல்லியிடம் வாதாடினால், எதிரில் இருப்பவர் முதல் கூற்றைக் காட்டியே இரண்டாவதைத் தள்ளுவார். ஒரு களத்தின் மிகை இன்னொரு களத்தின் உண்மையைப் பலி கொடுக்கும்.

இந்தக் கரையில் வாழ்கிறவர்களைப் பற்றி இந்த வாதம் பேசுவதேயில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூம்புகாரும் வானகிரியும் தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தன. பேரலை எழுந்து நகரத்தை விழுங்கும் காட்சியைக் கணினியில் செய்து 'கடல் கொண்ட நகரம்' என்று பரப்பும்போது, தன் பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய் அதே கரையில் மீன் விற்றுக்கொண்டிருப்பதை நினைக்க வேண்டும். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் ஏற்ற பேரிடர் நடத்தை நெறியின் பத்தாவது கூறு, பாதிக்கப்பட்டவர்களை விளம்பரத்தில் கண்ணியம் உள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த நெறி சுற்றுலா விளம்பரத்துக்கும் பொருந்தும்.

இந்தக் கரையின் மீனவர்கள்தான் கடலடியை அறிந்தவர்கள். எந்தப் பாரில் வலை மாட்டும், எங்கே மீன் கூடும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் அந்த அறிவுக்கு நன்றி எந்தத் தலைப்பிலும் வருவதில்லை. இடத்தைத் துல்லியமாக விளம்பரப்படுத்தினால் காசும் மணியும் தேடி வருகிறவர்கள் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். நீருக்கடியில் இருக்கும் மரபுச் சொத்தை இயன்றவரை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும் என்று 2001-இல் யுனெஸ்கோ உடன்படிக்கை சொன்னதன் பின்னால் இந்த அச்சமும் இருக்கிறது.

இவற்றை மக்கள் தொடர்புத் தொழிலுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1965-இல் ஏதென்ஸில் உலக மக்கள் தொடர்பாளர்கள் வகுத்த நெறி, உண்மையை வேறெந்தத் தேவைக்கும் கீழே வைக்கக் கூடாது என்றும், உறுதிசெய்ய முடியாத தகவலைப் பரப்பக் கூடாது என்றும் சொல்கிறது. 1968 ஏப்ரல் 21-இல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் அதை ஏற்றது. 'பரவட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது அந்தத் தொழிலின் சொந்த நெறிக்கே எதிரானது.

2025 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை பூம்புகார்க் கடலில் தன் ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. வரவேற்க வேண்டிய வேலை. பரபரப்பான அறிவிப்புக்கான நெருக்குதல் முதல் நாளிலிருந்தே அதன்மேல் இருக்கும். துறை அதற்கு மசியாமல் இருக்க வேண்டுமானால், சில முடிவுகளை இப்போதே எடுத்து அறிவிக்க வேண்டும். ஆய்வகத் தேதி வருமுன் எந்த அமைச்சரும் ஆண்டுக்கணக்கு சொல்லக் கூடாது. எதுவும் கிடைக்காத இடங்களின் விவரமும் வெளிவர வேண்டும். 23 மீட்டரில் இருப்பது இயற்கைப் பாறை என்று தெரிந்தால் அதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். அறிக்கைக்கு நாள் குறிக்க வேண்டும், அது தமிழில் வர வேண்டும், வழிகாட்டிய மீனவர்களின் பங்கு அதில் பதிவாக வேண்டும். மேலையூரில் 1964-இலிருந்து இயங்கும் பூம்புகார் கல்லூரியின் மாணவர்களை வேடிக்கை பார்க்க அழைக்காமல், பதிவு வேலையிலேயே சேர்க்கலாம். 1994 அறிக்கையின் சாரத்தை ஒரு சிறு தமிழ் நூலாக்கி, 1997-இல் தொடங்கிய ஆழ்கடல் அகழ்வைப்பகத்தில் பயணிகள் கையில் கொடுப்பதற்கும், கீழையூர்ப் படகுத்துறையில் நின்று அது எப்படி இயங்கியது என்று விளக்க உள்ளூர் இளைஞர்களைப் பழக்குவதற்கும், எந்த ஆழ்கடல் கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.